பாட வரவில்லை, பாரிட்டோன் வாசிக்க வந்தேன்

யுத்தம் முடிந்ததும் துறைமுகக் கிளப்பின் வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். ஜாஸ் பேண்டுக்கு இன்று ஆள் எடுத்தார்கள். என் பாரிட்டோன் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பேண்ட் மாஸ்டர், "ஏளா, பொம்பளப்புள்ள நீ பாடத்தானே வந்த? இது உன் ஒசரம் இருக்கே!" என்று சிரித்தார்.

"இல்ல மாஸ்டர், இத வாசிக்க வந்தேன். மெட்டும் நான் போட்டதுதான்."

அவர் சிரித்து முடிப்பதற்குள் ஊத ஆரம்பித்துவிட்டேன். பயத்தில் முதல் சுரம் பிசிறடித்தது. நிறுத்தவில்லை. மெட்டு இரண்டாம் முறை வந்தபோது டிரம்ஸ்காரர் தானாகவே சேர்ந்துகொண்டார்.

"சனிக்கிழம வா. பின்வரிசையில உக்காரு."

"முன்னாலதான் உக்காருவேன் மாஸ்டர். என் மெட்ட நான்தான் ஆரம்பிக்கணும்."

கொஞ்சம் யோசித்தார். "சரி."

மெட்டுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. தோன்றினால் சொல்லுங்கள். 'கப்பல் சங்கு' மட்டும் வேண்டாம்; அதை என் அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.