அடுத்த ஆள் ஆர்?

இரும்புத் தகட்டில் சோக்கட்டியால் கீறிய மூன்று வட்டங்கள். நடு வட்டத்தில் கறுத்த விரலை ஊன்றி, "இது என்ரை அப்பப்பா" என்றார் அவர்.

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் நான் வேலை செய்த பட்டறையில் தமிழர் எல்லோருக்கும் அவர் ஆர்மேனியண்ணை. பெய்ரூத்தில் பிறந்த ஆர்மேனியர். அவருடைய டேனிஷும் என்னுடையதும் அரைகுறையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனாலும் அவர் கதைத்ததெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே இருக்கிறது.

என் மனைவி அப்போது கைக்குழந்தையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். குடும்ப இணைவுக்கு நான் போட்ட விண்ணப்பம், மற்றத் தமிழருடையதைப் போலவே, கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. மேலிடமே நிறுத்தி வைத்திருந்தது என்பதும், அதனால் ஓர் அரசாங்கமே கவிழ்ந்ததும் பிறகு நடந்த கதை. அன்றைக்குப் பதில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். எனக்கு இருப்பும் கொள்ளவில்லை, படுப்பும் கொள்ளவில்லை. பக்கத்து நகரமான இக்காஸ்ட்டில் இருந்த, ஆட்களைக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரர் ஒருவர், மொஸ்கோ, கிழக்கு பெர்லின் வழியாக இருவரையும் கூட்டி வந்துவிடலாம் என்றார். நான் ஓம் சொல்ல இருந்த நாளில்தான் ஆர்மேனியண்ணை சோக்கட்டியை எடுத்தார்.

அவருடைய அப்பப்பா, இன்று துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னா துறைமுகத்தில் அத்திப்பழப் பெட்டி அடைக்கும் கொட்டிலில் வேலை செய்தவர். ஒட்டோமான் சுல்தானின் ஆட்சி உளுத்துக்கொண்டிருந்த காலம். ஆர்மேனியருக்கு உரிமை கேட்ட இரகசியப் புரட்சிக் குழு ஒன்றில் அவரும் இருந்தார். துண்டுப்பிரசுரங்கள் கப்பலில் வரும். பொலிஸ் தேடுகிறவர்கள் கப்பலில் போவார்கள். தன்னிடம் ஒப்படைத்தவன், தான் ஒப்படைக்க வேண்டியவன், இந்த இரண்டு பேரைத் தவிர வேறு எவரையும் ஒருவருக்கும் தெரியக்கூடாது. வேதப் புத்தகத்தில் கைவைத்துச் செய்த சத்தியம் அது. ஒருவன் பிடிபட்டாலும் குழு தப்பிவிடும்.

ஒருநாள் பொலிஸ் தேடியது அப்பப்பாவின் சொந்தத் தம்பியை. அவரே கூட்டிப்போய்ப் படகோட்டியிடம் ஒப்படைத்தார். அடுத்த நாள் படகோட்டி பிடிபட்டான். அடித்தே கொன்றார்கள், அவன் வாய் திறக்கவில்லை. தம்பி கப்பல் ஏறினானா, எங்காவது நிலவறையில் அடைபட்டுக் கிடந்தானா? கேட்க ஆளில்லை.

"ஒருத்தரும் பிழை விடேல்லை. குழு தப்பிட்டுது. ஆளைத்தான் காணேல்லை" என்று படகோட்டிக்குரிய மூன்றாவது வட்டத்தை உள்ளங்கையால் அழித்தார். "உன்ரை மனிசியை ஏஜென்சிக்காரர் ஆரிட்டைக் குடுப்பார்? அவனுக்கு அடுத்த ஆள் ஆர்? கேட்டனியோ?"

கேட்டேன். "மொஸ்கோவிலை நிக்கிற பெடியனைத் தெரியும், தம்பி. அங்காலை அவங்கள் பாப்பாங்கள்" என்றார் ஏஜென்சிக்காரர். மனிதர் பொய் சொல்லவில்லை. அந்த நேர்மைதான் என்னைத் தடுத்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அதே ஏஜென்சிக்காரர் என்னோடு வேலை செய்த ஒருவரின் மனைவியைப் பனி உருக முன்னர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். எனக்குப் பற்றி எரிந்தது. கொழும்பில் தமிழரைப் பிடிக்கச் சுற்றிவளைப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் தொலைபேசியைச் சுற்றிச்சுற்றி நடப்பேன். "எங்களை எப்பிடியாவது அங்கை எடுங்கோவன்" என்று அவள் அழுவாள். ஆர்மேனியண்ணையின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் தனியே இருந்து சாப்பிட்ட நாட்களும் உண்டு.

கடைசியில் அனுமதி வந்தது. இன்று எனக்கு டேனிஷில் மட்டும் பதில் சொல்லும் மகன், அன்று ரயிலிலிருந்து தானாகவே இறங்கி நடந்தான். ஆர்மேனியண்ணை பூங்கொத்தோடு வந்து நின்றார். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் மனைவிக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது.

"இவரோ என்னை அங்கை கிடக்க விட்டவர்?"

என்ன சொல்லுறா என்று அவர் கேட்டார். நன்றி சொல்லுறா என்றேன். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்லை, கோவிக்கிறா. கோவிக்கட்டும். கோவிக்கிறதுக்கு ஆள் வந்து சேந்திட்டாவெல்லோ" என்று பூக்களை நீட்டினார்.