ஆட்டுப்பண்ணைப் பக்கத்தில் தமிழ்மதி

அந்தப் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்காத குறையாக எழுந்து பேசியவள் கௌசல்யாதான். வடமதுரைப் பக்கம் கனகாம்பரம் போட்டுப் பிழைக்கிறவள். விடியலில் பூப்பறித்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, மண் ஒட்டிய சேலையோடு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு டீச்சர் சுகன்யா பிள்ளைகளையும் போனையும் பற்றித் தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"போனைப் பிடுங்குறதுக்கு முன்னால, பிள்ளை பக்கத்துல செத்த நேரம் உக்காருங்கம்மா. அதுல என்னதான் பாக்குறா, ஏன் பாக்குறான்னு கேளுங்க."

"கேக்குறதுக்கு அதுல என்ன டீச்சர் இருக்கு?" என்று கௌசல்யா எழுந்துவிட்டாள். "எம் பிள்ளை சோறு தண்ணி இல்லாம அதையே மொறைச்சுக்கிட்டுக் கெடந்தா. பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். பெத்தவங்க கறாரா இருந்தா பிள்ளை ஏன் கெடுது?"

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டு வீடு வரும்வரை அவள் காதில் இனித்துக்கொண்டே வந்தது. பாவி மகள், யாரைக் கெடுத்தது யார் என்று அப்போது அவளுக்கு எங்கே தெரியும்?

போனைப் பூட்டியும் மகள் தமிழ்மதி சரியாகவில்லை. பள்ளி திறந்ததிலிருந்தே திங்கட்கிழமை வயிற்றுவலி, செவ்வாய்க்கிழமை தலைவலி. ஆடி பிறந்ததும் போர்வைக்குள்ளிருந்தே எழவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினால் ஒன்றுமில்லை என்றார்கள். "போன் பைத்தியம், வேறென்ன" என்று கௌசல்யா திட்டித் தீர்த்தாள். ஆனாலும் உள்ளுக்குள் திகில்தான். எட்டாம் வகுப்போடு தன்னை நிறுத்திப் பூக்கூடையைக் கையில் கொடுத்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. மகளையாவது காலேஜ் வாசலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

ஒருநாள் சாப்பிடும்போது கணவன் கண்ணன் சலிப்போடு சொன்னான். "போக மாட்டேங்குற பிள்ளைய எம்புட்டு நாளைக்குத் தள்ளிவிடுறது? நிப்பாட்டிருவோம். பூப்பறிக்கவாவது ஆள் ஆச்சு."

மகள் அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று கௌசல்யா எதிர்பார்த்தாள். மழைக்கு லீவு விட்டாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற பிள்ளை அல்லவா அது.

"சரிப்பா, நாளையிலேர்ந்து வாரேன்" என்றாள் தமிழ்மதி.

இது போன் பைத்தியம் இல்லை, வேறு ஏதோ என்று அப்போதுதான் கௌசல்யாவுக்கு உறைத்தது. கண்ணன் வெளியே போனதும் பீரோவைத் திறந்து போனை எடுத்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல என்ன ஆத்தா பாத்துக்கிட்டு இருந்த? அம்மா திட்ட மாட்டேன். காட்டு."

தமிழ்மதி போனை வாங்கி ஒரு பக்கத்தைத் திறந்து தாயின் மடியில் வைத்தாள்.

அது கௌசல்யாவின் அண்ணன் சோலைமுத்துவின் பக்கம். அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்கிறவர் அவர். கிடா, வெள்ளாடு, செம்மறி என்று வீடியோ எடுத்து, எடையும் விலையும் சொல்லி அதில் போடுவார். சுற்று வட்டாரத்து ஆட்டு வியாபாரிகளெல்லாம் பார்க்கிற பக்கம். ஒரு கொழுத்த கிடாவுக்கும் ஒரு சினையாட்டுக்கும் நடுவில், பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாகத் தமிழ்மதி உட்கார்ந்திருந்தாள். சித்திரையில் அவள் பெரியவளானதற்கு நடந்த சடங்கு வீடியோ. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு ஊர்வலமாக வந்து மருமகளுக்கு மாலை போடுகிறார். மேலே கொட்டை எழுத்தில், 'எங்க வீட்டு மருமக.'

கௌசல்யாவுக்குத் தெரியாததா? போடச் சொன்னவளே அவள்தானே. "உன் சீரு எம்புட்டுன்னு ஊருக்குத் தெரியட்டும்ணே. அந்த ஆட்டுப் பக்கத்துலயே போடு, அதைத்தான் அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க" என்று சொல்லி, மேலே என்ன எழுதுவது என்றும் அவளே எடுத்துக் கொடுத்தாள். மாமன் மகன் அஜித் பன்னிரண்டாவது படிக்கிறான். முறைப்பையன். உறவு விட்டுப்போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு கணக்கு.

"நான் கிளாசுக்குள்ள போனாலே பயலுக மே மேன்னு கத்துறானுக" என்றாள் தமிழ்மதி. "கிடா என்ன வெலன்னு கேக்குறானுக. அந்த வீடியோவுல என் மூஞ்சிய மட்டும் வெட்டி எல்லாருக்கும் அனுப்பியிருக்கானுக. இன்னும் யாரு என்ன எழுதியிருக்காங்கன்னுதான்மா பாத்துக்கிட்டே இருந்தேன். பாக்காமலும் இருக்க முடியலை."

"எங்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி!"

மகள் வீடியோவுக்குக் கீழே விரலால் தள்ளிக் காட்டினாள். பள்ளி திறந்த வாரத்தில் அவளே எழுதியிருந்தாள். 'மாமா, இதை எடுத்துருங்க. எனக்குப் பிடிக்கலை.' மாமன் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார். அதற்கும் கீழே கௌசல்யாவின் பெயர். சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டு அவள் எழுதியிருந்தாள். 'என் அண்ணன் மருமகளுக்கு வெக்கத்தப் பாரு!'

பூக்கட்டிக்கொண்டே ஒரு கையால் தட்டிவிட்டது அது. நினைவுகூட இல்லை. பிள்ளை ஊரறியக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறது. பெற்றவள் ஊரறியச் சிரித்திருக்கிறாள். அதன் பிறகு அந்தப் பிள்ளை இவளிடம் வந்து எதைச் சொல்லும்? கௌசல்யா, கூட்டத்தில் வாங்கிய கைதட்டு நினைவுக்கு வந்து, கூசிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பூவைக்கூடப் பறிக்காமல் அய்யலூருக்கு பஸ் ஏறினாள். சோலைமுத்து கொட்டகையில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். தங்கை விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"எம்புட்டுச் செலவு பண்ணி, எம்புட்டு ஆசையா செஞ்ச சீரு தெரியுமா? இப்ப அதை எடுத்தா ஊர்ல என்ன பேசுவான்? மொறை முறிஞ்சுபோச்சு, தங்கச்சி சீர வேணாம்னு தூக்கி எறிஞ்சுட்டான்னுதானே பேசுவான்?"

"சீர வேணாங்கலைண்ணே. அதைச் சந்தையில வச்சதைத்தான் வேணாங்குறேன்."

"வைக்கச் சொன்னவ யாரு?"

"நான்தான். எழுதச் சொன்னதும் நான்தான். பிள்ளை கெஞ்சுனப்ப சிரிச்சதும் நான்தான்" என்று கௌசல்யா ஆடுகளுக்கு நடுவிலேயே அழுதுவிட்டாள். "எம் மேல உள்ள கோவத்தை எம் மேல காட்டுண்ணே. அவ படிப்பே நின்னுபோச்சு."

சோலைமுத்து கையிலிருந்த தழையை உதறிவிட்டு, போனைக் கட்டிலில் வீசினார். "நான் எடுக்க மாட்டேன். நீயே எடுத்துக்க. இனிமே அந்தப் பிள்ளைக்கு மாமன்னு என்னைக் கூப்பிடாதீக."

போடச் சொல்லத் தெரிந்தவளுக்கு எடுக்கத் தெரியவில்லை. தன் போனிலிருந்து கண்ணன் போனுக்கு அடித்து மகளைக் கூப்பிட்டாள். "மூணு புள்ளி இருக்கும் பாரும்மா, அதைத் தொடு" என்று தமிழ்மதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கௌசல்யா அதன்படி தொட்டு அழித்தாள். திரையில் கிடாவும் சினையாடும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன. அண்ணன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "எடுத்தாச்சு ஆத்தா, இனிமே ஒண்ணும் இல்லை" என்றாள்.

"பயலுக போன்ல இருக்கேம்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரிதான் சொன்னாள். கௌசல்யாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்கே சுகன்யா டீச்சரைத் தேடிப் போய், கூட்டத்தில் பேசியதற்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் ஏசவில்லை. "அவ நடந்ததை உங்ககிட்டச் சொன்னாளே, அதைக் கெடுத்துராதீங்க. போனைத் திரும்பக் குடுங்க. அந்தப் பயலுககிட்டயும் அவங்க வீட்டுலயும் நான் பேசிக்கிறேன். அவ திங்கட்கிழமை பஸ் ஏறினதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஸ்கூல் கேட்டுல நிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை தமிழ்மதி யூனிபார்ம் போட்டுக்கொண்டு, ரெட்டைச் சடையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். கண்ணன்கூடத் தோட்டத்து வரப்பில் நின்று பார்த்தான். பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. டீச்சரைக் கூப்பிட கௌசல்யா இடுப்பிலிருந்து போனை எடுத்து, நம்பர் தெரியும்படி முகத்துக்கு நேரே தூக்கினாள்.

தமிழ்மதி சட்டென்று புத்தகப் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, டீச்சருக்குத்தாண்டி... படம் எடுக்கலை, சத்தியமா எடுக்கலை" என்றாள் கௌசல்யா.

பஸ் வந்து நின்றது. பையை முகத்திலிருந்து இறக்காமலே மகள் படியேறினாள்.