‘மிகவும் பயனுள்ளது’

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குப் படகுத்துறைக் காவலாளி போன் செய்தார். ஓய்வு பெற்று ஏழு மாதமான படகு டிரைவர் அண்ணன், எங்கள் அலுவலகப் படகில் ஏறி, கேபினை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார். நான் முதலில் அவர் வீட்டுக்குத் தகவல் சொன்னேன். பிறகு ஓடினேன்.

வழியெல்லாம் அந்த ஓய்வுக்காலப் பயிற்சிதான் மனதைக் குத்தியது. ஓய்வு பெறப்போகிறவர்களுக்காக இராமநாதபுரத்தில் கல்யாண மண்டபம் பிடித்து இரண்டு நாள் நடத்தினோம். ஏற்பாடு செய்தவள் நான். மூச்சுப் பயிற்சி, சேமிப்பு, சர்க்கரை நோய் என்று வெளியூர்க்காரர் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். ஓய்வு பெற்ற மறுநாள் காலை என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார். முப்பத்தோரு வருஷம் படகு ஓட்டிய அண்ணன் ‘கடலுக்குப் போவேன்’ என்று எழுதினார். பயிற்சியாளர் அதை உரக்கப் படித்து, “இனிமே உங்களுக்குக் கரைதான் சார்” என்று சொல்லி, அந்த வரியை அடித்துவிட்டு, ‘நடைப்பயிற்சி’ என்று தன் கையாலேயே எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்தப் பயிற்சியால் பலன் உண்டா என்று மதிப்பிட, போன மாதம் படிவத்தோடு திருப்பாலைக்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு தேடி வந்த அலுவலகத்துப் பெண்ணிடம் எந்த மனுஷன் குறை சொல்வார்? டீயும் முறுக்கும் வந்தன. எதைக் கேட்டாலும் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா என்றார். ‘மிகவும் பயனுள்ளது’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். போன வீடுகளிலெல்லாம் அதே கட்டம்தான். மேலதிகாரி பாராட்டினார். உருப்படாத அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது.

படகுத்துறையில் புது டிரைவர் கேபின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். “ஏண்ணே, பென்சனும் வாங்கிக்கிட்டு எம் பொழப்புலயும் கை வைக்கிறீகளே.”

“இன்னைக்குக் காத்து சரியில்லப்பா. படகு போகாது” என்றார் அண்ணன், உள்ளிருந்தபடியே. கடல் தட்டையாகக் கிடந்தது.

கால் மணி நேரத்தில் இறங்காவிட்டால் போலீஸைக் கூப்பிடச் சொல்லி மேலதிகாரி போனில் உத்தரவு போட்டார். மரியாதையாக வாழ்ந்த மனுஷனைப் போலீஸ் பிடித்து இழுப்பதை நான் பார்க்க வேண்டுமா? என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் படிப்பு முடிவதற்குள் எனக்கும் ஓய்வு. அதே பயிற்சிக்கு எனக்கும் கடிதம் வந்திருக்கிறது.

ஆட்டோவில் வந்து இறங்கினார் அவர் மனைவி. கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. கண்ணாடிக்கு நேரே போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் தாழ் திறந்தது. கணவரின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏழு மாசமா ராத்தூக்கம் கெடையாது அவுகளுக்கு. அன்னைக்கி வீட்டுல நீங்க எழுதிக்கிட்டிருந்தப்ப நான் அங்கனதான நின்னேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”