பசை சேர்த்த எண்பது பேர்

நாடகக் குழுவில் அவளுக்குப் பெயர் பசை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இரண்டு வருடமாகக் கல்லூரிச் சுவரெங்கும் நாடகச் சுவரொட்டி ஒட்டி ஒட்டி அவளுடைய வலக்கை விரல்கள் ஐந்தும் பிரிய மனமில்லாமல் கிடந்தன. பரீட்சை முடிந்து விடைத்தாளைக் கொடுக்க எழுந்தால் அது கையை விட்டு வராது. மேற்பார்வையாளர் ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் இழுப்பாள். நூலக வாசல் அறிவிப்புப் பலகை இவள் சேர்ந்தபோது விரற்கடை கனம். இப்போது அது வீங்கிப்போய்ப் பக்கத்துக் கதவு பாதிதான் திறக்கிறது. ஒல்லியானவர்கள்தான் புத்தகம் எடுக்கிறார்கள்.

அவளுடைய அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர். "ஏண்டி, ரெண்டு வருஷமா அடுப்புல மைதா மாவையே காய்ச்சுற. ஒருநாளாவது சோறு வைக்க விடுடி" என்பார்.

முதல் வருடம் அவளுக்கும் ஒரு வேடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு வரி: 'கடிதம் வந்திருக்கிறது.' மேடையேறினாள். வாய் திறக்கவில்லை. கதாநாயகன் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த கடிதத்தைத் தானே பிடுங்கிப் படித்துக்கொண்டான். அன்றைக்கே பசை வாளியைத் தூக்கியவள்தான். நாலு பேர் முன்னால் பேசுவது அவளால் ஆகாது.

இந்த வருடம் அரங்கப் பொறுப்பாளர் ஒரே போடாகப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள்ள, வரப்போற எண்பது பேரோட பேர் எழுதிக் குடுங்க. இல்லேன்னா சனிக்கிழமை ஹால் டேபிள் டென்னிஸ்காரங்களுக்கு. போன வருஷம் பார்க்க வந்தவங்களைவிட மேடையில நின்னவங்கதான்பா அதிகம்!"

நடிப்பவர்களுக்கு அது படிப்பின் கடைசி மாதம். இந்த நாடகத்தை விட்டால் வேறு இல்லை. வியாழன் சாயங்காலம் பட்டியலில் முப்பத்தொரு பேர். அதில் பதினொருவர் இயக்குநரின் சித்தப்பா குடும்பம்.

இயக்குநராக இருந்த இறுதியாண்டுப் பையன் பசையிடம் சொன்னான்: "காலேஜ்ல இனி ஆள் தேறாது. நாளைக்குக் காலையில ஏழே முக்கால் பஸ்ல சண்டைக் காட்சியைப் போடுவோம். சண்டை உச்சத்துல நிக்கும். நீ நோட்டீஸை நீட்டு. வாயே திறக்க வேண்டாம்."

நாடகத்தில் ஒரு தம்பதி பிரிகிறார்கள்; சுவர்க்கடிகாரம் யாருக்கு என்று சண்டை. மறுநாள் பேருந்தில் 'மனைவி' கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். 'கணவன்' பதிலுக்குக் கத்தினான். நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை மறந்தார். ஓட்டுநர் ஒரு வார்த்தையும் தவறக்கூடாதென்று ஓட்டிய வேகத்தில் தள்ளுவண்டி ஒன்று உங்களை முந்துகிறேன் பார் என்று மணியடித்துப் போனது.

உச்சம் வருவதற்குள், பணிக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸம்மா ஒருவர் எழுந்துவிட்டார்.

"ஏம்பா, ஒரு கடிகாரத்துக்காகவா குடும்பத்தைப் பிரிப்பீங்க? ஆறு மாசம் அவகிட்ட, ஆறு மாசம் உன்கிட்ட. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா அந்தக் கணக்கும் வேண்டாம். கையைக் குடு இப்படி!"

அவர் குரலில் ஊசிக்குப் பயப்படும் நோயாளியையே உட்காரவைக்கும் அதட்டல். கணவனுக்கு வசனம் மறந்து மனம் இளகிவிட்டது. "என்னை மன்னிச்சிடு" என்றான். எழுதாத வசனம். மனைவி நிஜமாகவே அழுதாள். பேருந்து கைதட்டியது. நடத்துநர் விசிலை இரண்டு தடவை ஊதினார்.

பசை நோட்டீஸை நீட்டினாள். "வேண்டாம்மா, மனசு நிறைஞ்சு இருக்கு" என்று ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டார்கள். கதைதான் முடிந்துவிட்டதே, இனி யார் வருவார்கள்? பின்சீட்டில் இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கல்லூரிக்கு இன்னும் இரண்டே நிறுத்தம்.

பசை பேருந்தின் நடுவுக்கு வந்தாள். கம்பியை இறுக்கிப் பிடித்தாள். கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. இனி ஓடவும் முடியாது.

"எல்லாம் பொய்!" என்று கத்தினாள். "இவங்க சேர மாட்டாங்க! நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் காலேஜ் ஹால்ல பிரியத்தான் போறாங்க!"

நடத்துநர் வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

"அப்ப நான் தொண்டை கிழியப் பேசினது?" என்றார் நர்ஸம்மா.

"அது நாடகத்துக்குத்தான், அக்கா..."

"பிரிக்கிற மாதிரி எழுதின புண்ணியவான் யாரு?"

மொத்தக் குழுவும் பின்சீட்டைக் காட்டியது.

"நாளைக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி பிரிச்சுப் பார்க்கட்டும்! எழுதுடி என் பேரை. எங்க வார்டுல ஆறு பேரையும் சேர்த்துக்கோ."

"எங்க வீட்ல நாலு பேர்!" என்றது முன்சீட்டு. பசை கம்பியிலிருந்து கையைப் பிய்த்துக்கொண்டு நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள். கல்லூரி நிறுத்தத்தைத் தாண்டி மருத்துவமனை வரை போய்த்தான் எழுதி முடித்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு அரங்கப் பொறுப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை எண்ணினார். எண்பத்து மூன்று.

"கடைசியில வெறும் 'டிரைவர்'னு இருக்கே?"

"ஓட்டிக்கிட்டே சொன்னார் சார். நான்தான் அதுக்கு மேல கேக்கல."

அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சனிக்கிழமை தம்பதி பிரிந்தார்கள். முதல் வரிசையில் நர்ஸம்மா எழுந்து, "நேத்து என்னடா சொன்னே?" என்று கேட்டதில் கணவன் கடிகாரத்தைக் கீழே போட்டுவிட்டான். பின்னால் நின்றுகொண்டிருந்த டேபிள் டென்னிஸ்காரர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

திங்கட்கிழமை பசை சுவரொட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்தான்.

"அடுத்த குழுகிட்ட சொல்லிட்டுப் போறேன். உனக்கு ஒரு வேஷம் உண்டு."

"எத்தனை வரி?"

"ஒண்ணுதான்."

"பஸ்லயா, மேடையிலயா?"

"மேடையிலதான்."

"அப்ப ஆளை விடு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டாள்.