எல்லார் வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்ட கமலவேணி அக்கா

டுரியான் துங்கால் பாசாரில் மீன் வாங்கிவிட்டு காரில் ஏறும்போது கமலவேணி அக்காவின் மகள் தர்ஷினி அழைத்தாள். வேலை நாளில், அந்த நேரத்தில் அவள் அழைப்பதில்லை. எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலையில தூக்கத்துலயே. அப்பா யாருகிட்டயும் பேச மாட்டேங்கறாரு. நீங்க கொஞ்சம் வந்துடுங்க."

மீனைப் பின்னிருக்கையில் அப்படியே போட்டுவிட்டு புக்கிட் ரம்பாய்க்கு ஓட்டினேன். வழியெல்லாம் கைப்பேசியில் செய்திகள் வந்தபடியே இருந்தன. 'கமலா டீச்சர் காலமானார்' என்று ஒருவர் எழுத, அதையே எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா பார்த்திருந்தால் திருத்தியிருப்பார். யாராவது டீச்சர் என்றால் உடனே கை காட்டித் தடுப்பது அவருடைய வழக்கம். "நான் டீச்சர் இல்ல லா, கடையில கணக்கு எழுதுறவ," என்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி கமலவேணி மலாக்கா பட்டணத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுத்தராக இருந்தவர். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது பெற்றோருடன் பட்டணத்துக்கு வந்தவர். நான் அதே கடையில் முன்பக்கம் விற்பனையில் இருந்தேன். பக்கத்துப் பக்கத்து வீடாகவும் அமைந்ததால் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புவோம். அவருடைய கணவர் சந்திரன் அண்ணன், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

தர்ஷினி முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அக்கா ஒரு யோசனையோடு என்னிடம் வந்தார். எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் பிறகு சும்மாதானே கிடக்கிறது, அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் படித்தால் என்ன என்றார். பிள்ளைகளுக்கு டியூஷனா என்று கேட்டேன். இல்லை என்றார். பிள்ளையை இறக்கி விட்டுவிட்டுப் போகக்கூடாது, அம்மாவோ அப்பாவோ கூட உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதுதான் ஒரே விதி என்றார். அதோடு இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். "அப்பாங்க வரணும். அம்மாங்க எப்படியும் வந்துடுவாங்க. அப்பாங்க வரலன்னா இதுல அர்த்தம் இல்ல."

அந்த வாரம் முழுதும் மாலையில் வீடு வீடாகப் போனோம். சந்திரன் அண்ணன்தான் வேனில் அழைத்துப் போனார். அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டு ஆண்பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். "முனியாண்டி அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்களும் வரணும். தப்பா படிச்சா யாரும் சிரிக்கமாட்டாங்க, நான் பொறுப்பு." அண்ணன் வேனிலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணாடி இறக்கியிருக்கும்.

புத்தகங்களுக்கு வழி பார்க்க வேண்டியிருந்தது. தேர்தல் வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் வந்து மொத்தமாக வாங்கித் தருகிறோம் என்றார்கள். அக்கா நயமாக மறுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால்தான் இது நம்முடையது என்ற எண்ணம் வரும் என்பது அவர் கருத்து. அதனால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை போட்டோம். பழைய பேப்பரும் டின்னும் சேர்த்து விற்றோம். தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுத்தோம். முறுக்கு பிழிந்தது பெரும்பாலும் சந்திரன் அண்ணன்தான். அவர் கைக்கு வந்த சுற்று எங்கள் யாருக்கும் வரவில்லை.

லாரி கம்பெனி முதலாளி ஒருவர் அலமாரிகள் வாங்கித் தர முன்வந்தார். தம் பெயரைப் பெரிதாக எழுதி மாட்ட வேண்டும் என்று கேட்டார். தாராளமாக மாட்டலாம், முதலில் ஒரு ஞாயிறு உங்கள் மகனோடு வந்து உட்காருங்கள் என்றார் அக்கா. அவரும் வந்தார். வரிக்கு வரி மகன் அவரைத் திருத்தினான். மனிதர் முதலில் சிவந்துபோனார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலேயே வந்தார். அலமாரியும் வந்தது. பெயர்ப்பலகையைப் பற்றி அவர் மறுபடி பேசவேயில்லை.

இப்படித்தான் அது வளர்ந்தது. நாள் முழுதும் நின்று வேலை பார்க்கிற மனிதர்கள், கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுத்தோடு எந்த உறவும் இல்லாதிருந்தவர்கள், முயல் கதையையும் யானைக் கதையையும் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். தோட்டத்துப் பள்ளியில் பாதியில் விட்ட படிப்பை மகள் மடியருகே உட்கார்ந்து தொடர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முனியாண்டி அண்ணன் ஒரு கதையை நிறுத்தாமல் படித்து முடித்த அன்று மண்டபமே கைதட்டியது. அக்கா மட்டும் கைதட்டவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சந்திரன் அண்ணன் இருந்தார். அவர் எல்லா ஞாயிறும் வருவார். பாய் விரிப்பார், நாற்காலி போடுவார், மைலோ கலக்குவார். படிக்கத் தொடங்கியதும் வெளியே போய்விடுவார். வேனைத் துடைப்பார், சிகரெட் பிடிப்பார். முடிந்ததும் உள்ளே வந்து பாயைச் சுருட்டுவார். கூச்ச சுபாவம் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். தர்ஷினியோடு அம்மாதான் எப்போதும் உட்காருவார்.

பெருந்தொற்றுக் காலத்தில் மண்டபம் பூட்டிக் கிடந்தபோது, கதையைப் படித்து வாட்ஸ்அப் குழுவில் குரலாக அனுப்புங்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அப்பாக்களின் குரல்கள் வந்து குவிந்தன. பின்னால் குக்கர் விசில், குழந்தை அழுகை, மழைச் சத்தம் எல்லாம் சேர்ந்து கேட்கும். சமையலறையில் வேலை செய்துகொண்டே அக்கா ஒன்றுவிடாமல் கேட்பார். ஒருநாள் சந்திரன் அண்ணன் கூடத்திலிருந்து, அந்த முனியாண்டி படித்ததை இன்னொரு தடவை போடு என்றாராம். அக்கா போட்டார். இருவரும் சேர்ந்து கேட்டார்கள். கதை முடிந்ததும் அண்ணன் எழுந்து போய்விட்டாராம்.

இதை அக்கா என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. அதற்குள் நான் டுரியான் துங்காலுக்கு வீடு மாறியிருந்தேன். தர்ஷினி படித்து முடித்து கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அக்காவுக்கு நோய் என்று தெரிந்து, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே போனார். அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்குத் தெரியாது," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவருக்குப் படிக்கத் தெரியாது. அவங்க அம்மா படுக்கையில விழுந்ததும் சின்ன வயசுலயே ஸ்கூலை விட்டு நிறுத்திட்டாங்க. கல்யாணமாகி கொஞ்ச நாள்லயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ஆனா அவர் சொல்லல, நானும் கேக்கல. ஃபாரம் எல்லாம் நானே நிரப்பிக் குடுத்துடுவேன். தர்ஷினி ஒண்ணாம் வகுப்புல புத்தகத்தத் தூக்கிட்டு அப்பாகிட்ட ஓடுச்சு. கண்ணு எரியுது, அம்மாகிட்ட போன்னாரு. அப்புறம் அது அவர்கிட்ட புத்தகத்தோட போகவேயில்ல. அவரு மூஞ்சிய அன்னைக்குப் பாத்தேன். அதுக்காகத்தான் ஞாயித்துக்கிழமைய ஆரம்பிச்சேன்."

அக்கா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தனியா சொல்லிக்குடுத்தா அவருக்கு அவமானமா இருக்கும். எல்லா அப்பாவும் தப்புத் தப்பா படிச்சா, அதுல ஒருத்தரா அவரும் வந்து உட்காந்துடுவாருன்னு நெனச்சேன். எல்லாரும் வந்தாங்க. அவர் மட்டும் வரல."

இப்போதாவது சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன். அவர் தலையை அசைத்தார். இது தனக்காகத்தான் என்று தெரிந்தால், இத்தனை வருடம் வெளியே நின்றது அவருக்குப் பெரிய வருத்தமாகிவிடும், நான் போன பிறகு அந்த வருத்தத்தோடு அவர் தனியாக இருக்க வேண்டும் என்றார். அண்ணன் மருந்தோடு திரும்பி வந்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து சில மாதங்கள் இருந்தார். மற்றவர்கள் நடத்திய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முடிந்தபோதெல்லாம் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்த இறுதி மாதங்களில் அண்ணன்தான் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கைப்பிடித்து நடத்தியது. இருவரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு பிரியமாக இருந்தார்கள் என்பதை அப்போது வந்துபோனவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆனாலும் அந்த ஒரு பேச்சு மட்டும் அவர்களிடையே கடைசிவரை நடக்கவில்லை.

கருமக்கிரியை முடிந்த மறுநாள், பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க அண்ணனோடு கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் புத்தக அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, அவள் எதற்காக இதை ஆரம்பித்தாள், உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். அக்கா அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் அவ கூப்பிடறத வேன்ல உட்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேம்மா. நம்ம வீட்டுக்கும் வருவான்னு நெனச்சேன். நான் படிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டா போலன்னு விட்டுட்டேன். என்னையும் அந்த மாதிரி பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் லா."

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதும்மா என்றார். எங்களைப் போல் எத்தனை வீடுகளில் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் பேசாமல் இருக்கிறார்களோ என்றார். இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மண்டபம் திறந்தது. கூட்டம் குறைவு. கோலாலம்பூரிலிருந்து தர்ஷினி வந்திருந்தாள். அண்ணன் பாய்களை விரித்து, மைலோ கலக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் வாசலைப் பார்த்து நடந்தார். தர்ஷினி நிமிர்ந்து, "அப்பா, இங்க வாங்க," என்றாள்.

அவர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், அக்கா. அவர் வந்துவிட்டார்.

நீங்கள் இருக்கும்போதே இது நடந்திருக்க வேண்டும். போய் வாருங்கள்.