கிட்டங்கிப் பூதத்தின் பலம் ஒன்பது

கிட்டங்கிப் பூதம் அச்சடித்த எந்தச் சீட்டைக் கையில் கொடுத்தாலும் பன்னீர்செல்வம் முதலில் காலைத்தான் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை மூக்கருகே கொண்டுபோய், பூதத்தின் கால்விரல்களை எண்ணுவார். ஐந்து இருந்தால் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது ரெண்டாவது அச்சு. அஞ்சு வெரலு யாருக்குத்தான் இல்ல?" பிறகு சட்டைப்பையிலிருந்து, வாக்காளர் அட்டையோடு ஒட்டிக்கிடக்கும் தம்முடைய சீட்டை உருவி நீட்டுவார். அந்தப் பூதத்துக்கு இடது காலில் ஆறு விரல். "மொத அச்சு. முந்நூறுதான் வந்துச்சு. அப்புறம் எவனோ எண்ணிப் பாத்துட்டான், திருத்திட்டாங்க."

காலுக்கு மேலே உள்ளதை அவர் விளக்க வேண்டியதில்லை. சரிந்த தொப்பை, காதுக்குள்ளிருந்து புதராக எட்டிப்பார்க்கும் மயிர், அரைஞாணில் தொங்கும் சாவிக்கொத்து. பார்க்கிறவர் சீட்டை ஒருமுறையும் அவரை ஒருமுறையும் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் இவ்வளவு நேரமும் பேச்சு. "பாத்தாச்சா? நாந்தான். ஒலகத்துல மனுசனாப் பொறந்து பூதமா ஆனவன் எத்தன பேரு?"

கிடர்பூரில் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தொழில். நான்கு லாரி, சரக்கு அடைக்க இரண்டு கிட்டங்கி, மூன்று மாடி வீடு. எல்லாம் முதுகால் சம்பாதித்தவை என்பார். பதினேழு வயதில் கமுதிப் பக்கத்திலிருந்து வந்து ஹவுராவில் இறங்கியபோது வங்காள மொழியில் அவருக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. இரண்டையும் பெண்கள் முன்னால் சொல்ல முடியாது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்ததால் ஆறாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு என்பது அவர் வாதம். "வாத்தியாரு அப்பவே என்னையப் பூதம்னுதான் கூப்பிடுவாரு. இவுங்க அம்பது வருசம் கழிச்சு அச்சடிச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அச்சடித்தவர்களில் ஒருத்தி அவர் வீட்டு மேல்மாடியிலேயே குடியிருக்கிறாள். மிருதுளா. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, சால்ட் லேக்கில் ஒரு சின்ன கம்பெனிக்குப் பூதம் வரைய வந்தவள். கம்பெனியின் சீட்டு விளையாட்டுக்குப் பெயர் 'ஏக்ஷோ பூத்', அதாவது நூறு பூதம். சேர்ப்பார்கள், மாற்றிக்கொள்வார்கள், ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து ஆடுவார்கள். ஒரு நாள் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல அவள் கீழே இறங்கி வந்தபோது, பன்னீர்செல்வம் கிட்டங்கி வாசலில் பனியனோடு நின்று ஒரு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரை மறந்துவிட்டு மேலே ஓடினாள். மூன்று மாதம் கழித்து, நாற்பத்து மூன்றாம் எண் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கோபித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்று பயம்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "மொகமெல்லாம் சரிதான் தாயி. கைதான் ரெண்டு சாஸ்தி."

அவர் மனைவி நாகம்மா எட்டிப் பார்த்தார். "நாப்பது வருசமா நேர்லயே பாக்குறேன். இதுக்குப் படம் வேறயா?"

அன்றிலிருந்து அவர் பூத சாஸ்திரி. மிருதுளாவிடம் கேட்டுக் கேட்டு நூறு பூதத்தின் பிறப்பையும் மனப்பாடம் செய்துவிட்டார். சுங்க அலுவலக வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவருக்கு இரண்டு பூதம், பின்னால் நிற்பவருக்கு இரண்டு பூதம். கிட்டங்கிப் பூதத்துக்கு ஆதியில் தந்தம் இருந்தது. பலத்தைக் காட்டும் எண் சீட்டின் மேல்மூலையில் வர வேண்டும் என்றதால் பிடுங்கிவிட்டார்கள். நிறம் பச்சையாக இருந்தது. சுந்தரவனத்து முதலைப் பூதம் முந்திக்கொண்டு பச்சையை எடுத்துவிட்டதால் இதற்குச் சணல்தூசி நிறம் வந்தது. ஹவுரா பாலத்துப் பூதத்துக்கு எட்டுக் கால் வரைந்து, சட்டத்துக்குள் அடங்காமல் இரண்டை ஆற்றுக்குள் மறைத்திருக்கிறார்கள். தலையில்லாத பூதத்துக்கு முதலில் தலை வரைந்து அழித்தாள். உற்றுப் பார்த்தால் பின்னாலிருக்கும் நிலாவில் மூக்கு தெரியும். எல்லாம் தெரியும். ஒன்றே ஒன்றுதான் தெரியாது. விளையாட்டை எப்படி ஆடுவது என்று அவர் கேட்டதேயில்லை. தேர்தலில் நிற்கிறவன் ஓட்டுப் பெட்டி செய்யவா கற்றுக்கொள்கிறான்?

அவருக்குப் பிடித்தது மேல்மூலையில் இருந்த எண். ஒன்பது. நூறு பூதத்தில் அதற்கு மேல் பலம் எதற்கும் கிடையாது. நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கிப் பலகை மேல் ஓடிய ஆளிடம், போன வருடம் டாக்டர் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தோள்பட்டை தேய்ந்துவிட்டதாம். இப்போது காஸ் சிலிண்டரை நாகம்மா உருட்டுகிறார், இவர் ஓரமாக நின்று வழி சொல்கிறார். "ஆளு தேஞ்சா என்ன? சீட்டுல ஒம்போது போட்டிருக்கான்ல?"

அந்த ஒன்பதுக்குத்தான் ஆபத்து வந்தது. மாடிப்படியில் மிருதுளா மெல்லச் சொன்னாள். "அங்கிள், அடுத்த அச்சுல உங்க பூதத்தோட பலத்தை ஏழாக் குறைக்கணுங்கறாங்க. அது கையில இருந்தா எதிர்ல யாரும் உக்காரவே மாட்டேங்கறாங்க. இப்படியே விட்டா போட்டிகள்ல அந்த கார்டையே தடை பண்ணிடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஹவுராவுல ஓட்டெடுப்பு."

"என்னையக் கேக்காம எப்பிடிக் கொறைப்பான்?"

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டு, மீசைக்கு மை தடவிக்கொண்டு கிளம்பினார். "பொண்ணு பாக்கவா?" என்றார் நாகம்மா. "நியாயம் கேக்க."

ஹவுராவில் ஒரு கேரம் கிளப்பின் கூடம். ஐம்பது அறுபது பேர், பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். அவர் நுழைந்ததுமே ஒரு வங்காளிப் பெண் எழுந்துவிட்டாள். "ஏ தோ குதாம் பூத்!" கிட்டங்கிப் பூதம் நேரில் வந்துவிட்டதாம். செல்போன்கள் எழுந்தன. ஏழெட்டுப் படம் வரை தொப்பையை உள்ளிழுத்து நின்றார். பிறகு பூதத்துக்குத் தொப்பைதான் அடையாளம் என்பது நினைவுக்கு வர, தாராளமாக விட்டுவிட்டார்.

பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பு அஸ்வத்துடையது. கண்ணாடி போட்ட கோயம்புத்தூர்ப் பையன். "பத்து ஆட்டத்துல ஒம்பது ஆட்டம் அந்த கார்டு வச்சிருக்கறவங்கதான் ஜெயிக்கறாங்க, அங்கிள்."

"அது சீட்டோட பலமில்ல தம்பி. ஆடுறவன் மூளை."

"அப்படித் தெரியலைங்களே."

"தெரியலையா? எங்கூட ஒக்காரு. மூணு ஆட்டம். நான் ஜெயிச்சா ஒம்போதை எவனும் தொடப்படாது."

கூடம் கைதட்டியது. அஸ்வத் சரி என்று உட்கார்ந்தான். மிருதுளா அவர் காதருகே குனிந்தாள். "அங்கிள், உங்களுக்கு ஆடவே தெரியாதே."

"அது அவனுக்குத் தெரியுமா?"

ஆளுக்குப் பத்துச் சீட்டு; அவருக்கு மிருதுளா கொடுத்த ஒன்பதும், சட்டைப்பையிலிருந்த கிட்டங்கிப் பூதமும். ஆளுக்கொன்றாகக் கவிழ்த்து வைத்துத் திருப்ப வேண்டும், பெரிய பலம் சிறியதைப் பிடித்துக்கொள்ளும், ஜெயித்த சீட்டு கைக்குத் திரும்பும், ஐந்து பிடித்தால் ஆட்டம். இவ்வளவும் அவருக்கு முதல் ஆட்டத்தில் பாதியில்தான் புரிந்தது. அதற்குள் மூன்று பூதங்களைப் பிடித்திருந்தார். கையிலிருந்த பத்துச் சீட்டுகளையும் விசிறி போலப் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, மீசையை நீவி, யோசிக்கும் பாவனையெல்லாம் செய்தபின் கிட்டங்கிப் பூதத்தையே கவிழ்ப்பார். மறுபடியும் மீசை. மறுபடியும் அதே பூதம். முதலை விழுந்தது. பாலம் விழுந்தது. தலையில்லாதது விழுந்தபோது, "மூக்கு நெலாவுல இருக்கு, பாரு" என்று அதன் வரலாற்றையும் சொன்னார். மூன்று ஆட்டமும் ஜெயித்து எழுந்தபோது கிளப்பின் கூரை இடிபடும் உயரத்தில் இருந்தார்.

அஸ்வத் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டான். "அங்கிள், கடைசி ஆட்டத்துல உங்ககிட்ட நல்ல கார்டு நாலு இருந்துச்சு. ஏன் ஒண்ணுகூட எறக்கல?"

"அதெல்லாம் எதுக்கு? இதைப் போட்டாப் போதும். யாரு ஆடுனாலும் ஜெயிக்..."

சொல் பாதியில் நின்றது. அவர் வாயே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வங்காளிப் பெண், "ஜேட்டு நிஜேய் போலே திலேன்" என்றாள். பெரியப்பாவே சொல்லிவிட்டார்.

அஸ்வத் சிரிக்கவில்லை. "பந்தயம்னா பந்தயம். நீங்க ஜெயிச்சிட்டீங்க, அங்கிள். ஓட்டெடுப்பு வேண்டாம். ஒம்போது அப்படியே இருக்கட்டும்."

பன்னீர்செல்வம் நாற்காலியில் உட்கார்ந்தார். துறைமுகத்துக்கு வந்த இரண்டாம் வருடம், மற்றவர்கள் ஒரு நடை போவதற்குள் இரண்டு நடை போவார். மேஸ்திரிகள் மெச்சினார்கள். கூலிக் கூட்டம் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவன் ஒருவன் தூக்கினால் நாலு பேருக்கு வேலை போகும் என்றார்கள். ஊரிலேயே பலசாலி, நான்கு மாதம் முழுக்கப் படகுத்துறைப் படியில் உட்கார்ந்து மற்றவர்கள் மூட்டை தூக்குவதை வேடிக்கை பார்த்தான். இந்தக் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதில் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"ஏழுன்னா," என்றார் மெதுவாக, "எல்லாரும் எதுக்க உக்காந்து ஆடுவாங்களா?"

"ஆடுவாங்க, அங்கிள்."

"தோத்தும் போவேனா?"

"சில நேரம்."

அவர் மீசையைத் தடவினார். விரலில் மை ஒட்டியது. "ஓட்டெடுப்பு நடக்கட்டும். வந்தவுங்களை சும்மா அனுப்பப்படாது."

குறைக்கலாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். மிருதுளா வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தாள். பன்னீர்செல்வத்தின் வலது கை பிடரியைச் சொறிய எழுவதுபோல எழுந்தது, சொறியவும் செய்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எண்ணாமல் தாண்டப் போனாள். அவர் தொண்டையைச் செருமினார். கை பிடரியை விட்டுக் காதைத் தாண்டி மேலே போனது. தோள்பட்டை மளுக்கென்றது. இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்து, அவள் எண்ணி முடிக்கும் வரை அதை அங்கேயே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.