பத்தொன்பது புள்ளி ஒன்று

பல் விளக்கி முடித்ததும் திருமலைசாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டின் பின்புறம் நிற்கும் சந்தன மரத்திடம் போவார். மரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு துளை. வலது கைச் சுண்டு விரலை முதல் கணு வரை அதற்குள் விடுவார். ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து முகர்வார். பிறகு விரலைத் துடைக்காமலேயே அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சுவார். ஐந்து மாதத்தில் ஒரு நாளும் இது தவறவில்லை. மாடியில் குடியிருக்கும் எனக்கு, துணி காயப்போடும் இடத்திலிருந்து இவ்வளவும் தெரியும்.

துளை வந்தது மாசி மாதத்தில். காலையில் அவர் மனைவி மாரியாத்தாள் பின்பக்கம் பெருக்க வந்தபோது மரத்தடியில் தூள் கிடந்தது. சந்தன மரம் திருடுகிறவர்கள் முதலில் துளை போட்டு, உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பாய்ந்திருந்தால் சில நாளில் ரம்பத்தோடு வருவார்கள். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. திருமலைசாமி பனியனோடு ஓரமாக நின்றார்.

"நீங்க பட்டறைக்குப் போயிருவீங்க. பகலெல்லாம் நாந்தான தனியாக் கெடக்கறேன்? கத்தியோட வந்தானுங்கன்னா என்னங்க பண்றது? மரம் போனாத்தான் நான் வருவனுங்க."

மதியத்துக்குள் துணிமணிகளை இரண்டு பையில் அடைத்துக்கொண்டு, போத்தனூரில் இருக்கும் மகள் நந்திதா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

திருமலைசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடமாக உருண்டையான பொருள்களோடு மட்டும் பழகியதால், உலகத்தை அவர் குறுக்களவில்தான் பார்க்கிறார். "டயா" என்பார். பேக்கரிக்காரரிடம், "போன வருசம் பன்னு நாலு இஞ்சு டயா இருந்துச்சுங்க. இப்ப மூணேகாலு" என்று வருத்தமில்லாமல் தெரிவிப்பார். மனைவி இல்லாத நாள்களில் தானே சுட்ட தோசைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. சுவையைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார். அதில் துளை போடும் பிட்டுகள் அளவு வாரியாக, ஒவ்வொன்றும் தனக்கான குழியில் நிற்கும். அரை இஞ்சுக் குழி மட்டும் காலி. கேட்டால், "எங்கியோ மாட்டிக்கிச்சுங்க" என்று மூடிவிடுவார்.

மரத்தின் துளை மீது அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க தம்பி, நூல் புடிச்சாப்ல போயிருக்குது. ஆட்டமில்ல, பிசிறு இல்ல. திருடனா இருந்தாலும் தொழில் தெரிஞ்சவனுங்க."

அந்த மரம் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் வாங்கிவந்து நட்டது. அன்று முதல் மாரியாத்தாள் அது சந்தனமே இல்லை என்று சொல்லிவந்தார். வீட்டுக்கு வருகிற உறவினர்கள் எல்லோரிடமும் சொன்னார். "சந்தனம்னா மணக்க வேண்டாமுங்களா? இவர ஏமாத்தி எவனோ வேலிமரக் கன்னைத் தலையில கட்டிப்போட்டான்." நிற்கிற மரம் மணக்காது, உள்ளே வைரத்தில்தான் மணம் இருக்கும் என்று திருமலைசாமி பதில் சொல்வார். அதை வெட்டாமல் எப்படிக் காட்டுவது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

சொந்த வீட்டில் நின்றாலும் சந்தன மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்தார். காரணம் என்ற இடத்தில், "குடும்ப நலன் கருதி" என்று எழுதினார். மரத்தின் அளவு என்ற இடத்தில், பட்டறையிலிருந்து பெரிய காலிப்பர் கொண்டுவந்து மரத்தைக் கவ்விப் பார்த்து, 19.1 செ.மீ. என்று எழுதினார். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. ஆனால் மரத்தை யாரும் குறுக்காக அளப்பதில்லை. நேரில் வந்த வனவர் நாடாவைச் சுற்றிப் பிடித்து, அறுபது என்று எழுதிக்கொண்டு போனார்.

வன அலுவலகத்தில் இந்தக் கோப்பைப் பார்க்கிறவர் கிருபாசங்கர் என்ற எழுத்தர். மிகவும் மரியாதையானவர். துணைக்குப் போன என்னையும் உட்காரச் சொன்னார்.

"ஏனுங்க, அறுவது இருக்குதுங்க. பத்தொம்பது எங்கீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"விண்ணப்பத்துல இருக்கறது சின்ன மரமுங்க. எடத்துல இருக்கறது பெரிய மரமுங்க. அப்பச் சின்ன மரத்தை என்னங்க பண்ணுனீங்க?"

"சின்ன மரமே இல்லீங்க. பத்தொம்பது புள்ளி ஒண்ணை மூணு புள்ளி ஒண்ணு நாலுல பெருக்கிப் பாருங்க."

கிருபாசங்கர் பேனாவை மூடினார். "பெருக்கறதுக்கு எனக்கு அதிகாரமில்லீங்க."

இப்படியாக, வீட்டில் நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி கேட்டவர், வீட்டில் இல்லாத மரத்தை வெட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. விளக்கக் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. "அத்தன கவிதைப் புஸ்தகம் படிக்கறீங்க, இது ஒரு பக்கம் எழுத முடியாதுங்களா?" என்றார். எழுதினேன். இல்லாத மரத்தைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினமாக இல்லை. கடிதம் போதுமானதாக இல்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது.

தினமும் மாலை ஏழு மணிக்கு மனைவிக்குப் போன் செய்வார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே கோப்பின் நிலவரத்தைச் செய்தி வாசிப்பது போலச் சொல்வார். அந்த அம்மாள் குறுக்கே பேசமாட்டார். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் வரும்.

"வேற ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?"

"வேற ஒண்ணுமில்ல அம்மணி."

ஏழாவது முறை அலுவலகம் போனபோது திருமலைசாமி ஒரு சாக்குப் பை கொண்டுவந்தார். உள்ளே, லேத்தில் அவர் கடைந்த இரும்பு வட்டு. நாலரைக் கிலோ. மேசையில் வைத்ததும் கிருபாசங்கரின் தேநீர் சிந்தியது. வட்டின் குறுக்கே காலிப்பரை வைத்தார்: பத்தொன்பது புள்ளி ஒன்று. அதே வட்டைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்: அறுபது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் தானும் ஒரு முறை அளந்து பார்த்தார். கிருபாசங்கர் சிந்திய தேநீரைத் துடைத்துவிட்டு, "இதை இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றார். கோப்பில் அவர் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன்: இணைப்பு ஏழு, இரும்பு வட்டு, ஒன்று.

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. வனத்துறை ஆள்கள் வந்து மரத்தை வேரோடு எடுத்து, அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அறுத்த இடத்திலிருந்து எழுந்த மணம் மாடி வரைக்கும் வந்தது. திருமலைசாமி அதை முகர யாரையும் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலமே மாரியாத்தாள் இரண்டு பையோடு வந்து இறங்கி, நேரே பின்பக்கம் போய்க் குழியைப் பார்த்தார்.

"போயிருச்சுங்களா."

"போயிருச்சு அம்மணி."

"வேற ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?"

"வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை பல் விளக்கிய பிறகு அவர் குழியருகே வந்து நின்றார். சுண்டு விரலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பால் காய்ச்சும் வேலை இல்லாததால் அங்கேயே சற்று நேரம் நின்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் பட்டறைக்குப் போயிருந்தபோது, மாரியாத்தாள் என்னைக் கீழே கூப்பிட்டார். அவர் கையில் துணியில் சுற்றிய ஏதோ இருந்தது. பிரித்தார். அரை இஞ்சு பிட்டு.

"இங்கிருந்து போன அன்னிக்கு போத்தனூருல பையத் தொறந்தா, என் சீலைக்கடியில அவரு பட்டறைச் சட்டை. அவசரத்துல சேத்து அடைச்சுப்போட்டேன். சட்டை ஜோப்புல இது இருந்துச்சு கண்ணு."

பிட்டை உள்ளங்கையில் ஒரு முறை உருட்டினார்.

"நாந்தான் தொளை போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸுல வந்திருப்பேன். அஞ்சு மாசம். தெனமும் கேட்டேன்." குரலில் கோபமில்லை. "அந்தப் பொட்டியில வெச்சுருங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

கொடுக்க நீட்டியவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிட்டின் சுருளில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்தார்.

"சந்தனந்தான்" என்றார். "அதையும் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."